ஹெர்மன் ஆமைக் குஞ்சுக்கு வீட்டில் இருப்பிடம் அமைத்தல்

பிரித்தானியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வீட்டில் வளர்ப்பதற்காக மிகுதியாக வாங்கப்படும் நில ஆமைகளில் ஒன்று ஹெர்மன் ஆமை. ஸ்பெயினின் கிழக்குக் கரையிலிருந்து தெற்கு பிரான்ஸ், இத்தாலி வழியாகப் பால்கன் நாடுகள் வரை பரவியிருக்கும் புதர்க்காடுகளே அதன் தாயகம். முட்டையிலிருந்து வெளிவரும்போது அதன் குஞ்சு 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளமும் ஏறத்தாழ 10 முதல் 15 கிராம் எடையும்தான் இருக்கும். நன்றாகப் பேணப்பட்டால் அது ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அந்த நீண்ட வாழ்நாளில் அதன் ஓடு எந்த வடிவத்தில் இருக்கும், எலும்பு எவ்வளவு உறுதியாக இருக்கும் என்பதைப் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளே தீர்மானித்துவிடுவதால், குஞ்சு வந்து சேர்வதற்கு முன்பே அதன் இருப்பிடத்தைச் சரியாக அமைத்து வைப்பது இன்றியமையாதது.

இந்தியாவில் இருந்தபடி இதை வாசிப்பவர்களுக்கு முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். தமிழகத்தின் வறண்ட புதர்க்காடுகளிலும் இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழும் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது சட்டவிரோதம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்குப் பாதுகாப்பு அளிக்கிறது. 2019இல் அது பன்னாட்டு வணிகத் தடைப் பட்டியலின் முதலாம் இணைப்பிலும் சேர்க்கப்பட்டது. வயல் வரப்பிலோ சாலையோரத்திலோ கண்டெடுத்த குஞ்சை வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. இங்கே சொல்லப்படுவது, மனிதர் பராமரிப்பில் முட்டையிலிருந்து பொரித்த ஹெர்மன் ஆமைக் குஞ்சை உரிய ஆவணங்களோடு வாங்கக்கூடிய நாடுகளில், குறிப்பாகப் பிரித்தானியாவில், வசிப்பவர்களுக்கானது. அங்கே விற்பவர் அந்த ஆமைக்குரிய பத்தாம் பிரிவுச் சான்றிதழை, அதாவது அதைச் சட்டப்படி விற்க அனுமதிக்கும் அரசு ஆவணத்தை, தர வேண்டும். சான்றிதழ் பிறகு வரும் என்று சொல்பவரிடம் வாங்கவே கூடாது.

பெட்டியும் அதன் இடமும்

ஒரு குஞ்சுக்கு 90 சென்டிமீட்டர் நீளமும் 45 முதல் 60 சென்டிமீட்டர் அகலமும் உள்ள, மேற்புறம் திறந்த பெட்டி தொடக்கத்துக்குப் போதுமானது. இவ்வளவு சிறிய உயிருக்கு இது பெரிதாகத் தோன்றலாம். ஆனால் பெட்டியின் ஒரு முனை வெப்பமாகவும் மறுமுனை குளுமையாகவும் இருந்தால்தான் ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே சரிசெய்துகொள்ள முடியும். குறுகிய பெட்டியில் ஒரே விளக்கு முழு இடத்தையும் சூடாக்கிவிடுவதால் அது ஒதுங்க வழியின்றிப் போகிறது. பக்கச் சுவர்கள் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். அவற்றுக்குள்ளே பார்வை ஊடுருவக் கூடாது என்பது அதைவிட முக்கியம். கண்ணாடித் தொட்டியில் வைத்தால், தனக்கு முன்னால் தடை இருப்பதை ஆமையால் புரிந்துகொள்ள முடியாது. நாள் முழுதும் சுவரை முட்டிக்கொண்டு அலையும். மீன் தொட்டி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்பதற்காக அதில் குஞ்சை விடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மரப் பலகையால் பெட்டி செய்தால், உட்புறத்தில் குளத்துக்கு விரிக்கும் ரப்பர் விரிப்பை அடித்தளத்திலிருந்து மண் மட்டத்துக்கு மேல்வரை பொருத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் மண்ணின் ஈரத்தில் பலகை உப்பிக் கெடும். கொத்தனார்கள் கலவை குழைக்கப் பயன்படுத்தும் பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் இதற்கு நன்றாகப் பொருந்துகிறது, விலையும் குறைவு. பெட்டியைத் தரையில் வைக்காமல் மேசை உயரத்தில், கதவிடுக்குக் காற்று படாத அறையில் வைக்கலாம். நாயோ பூனையோ உள்ள வீடாக இருந்தால், மேலே கம்பிவலைச் சட்டம் ஒன்றும் தேவை. நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும், இந்த அளவுள்ள குஞ்சை அது கடித்து விளையாடும் பொருளாகவே எடுத்துக்கொள்ளும்.

மண்ணும் ஈரமும்

மத்திய தரைக்கடல் பகுதி என்றதும் வறண்ட மணலை நினைத்து, பெட்டியில் உலர்ந்த மரத்தூளையோ வைக்கோல் உருண்டைகளையோ நிரப்புவோர் பலர். குஞ்சின் இருப்பிடத்தில் நேரும் பிழைகளில் மிகப் பெரியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. தாயகத்தில் வளர்ந்த ஆமைகள் வெயிலில் திரிவதைக் காணலாம்; குஞ்சுகளை அப்படி எளிதில் காண முடியாது. அவை புல்லின் அடித்தூரிலும் சருகுக்குள்ளும் ஈரம் தங்கிய மண்ணிலும் பதுங்கியே பெரும்பாலான நேரத்தைக் கழிக்கின்றன. வளரும் ஓட்டைச் சுற்றிலும் காற்று தொடர்ந்து வறண்டிருந்தால், ஓட்டுத் தகடுகள் தட்டையாக விரிவதற்குப் பதில் ஒவ்வொன்றும் கூம்பு போல் மேலெழுகின்றன. அதிகப் புரதமே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆப்பிரிக்க சல்கேட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்யப்பட்டு 2003இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, உணவிலுள்ள புரதத்தைவிடக் காற்றின் ஈரப்பதமே ஓடு கூம்பாவதை அதிகம் பாதிக்கிறது என்று காட்டியது. ஒருமுறை கூம்பிய ஓடு மீண்டும் சமமாவதில்லை.

உரமும் பூச்சிமருந்தும் கலக்காத தோட்டத்து மேல்மண்ணையும் தென்னை நார்க்கழிவையும் சம அளவில் கலந்து, 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்புவது நல்லது. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஏற்றுமதியாகும் நார்க்கழிவுக் கட்டிகள் வெளிநாட்டுத் தோட்டக் கடைகளிலும் கிடைக்கின்றன. அவற்றை வெந்நீரில் ஊறவைத்து உதிர்த்துக்கொண்டால் போதும். கடையில் விற்கும் தொட்டிச்செடிக் கலவையில் உரமும் வெள்ளைப் பெர்லைட் மணிகளும் கலந்திருக்கும் என்பதால் அதை வாங்கக் கூடாது. குஞ்சு அந்த மணிகளைத் தின்றுவிடும். தேவதாரு, பைன் போன்ற மரங்களின் சீவலிலிருந்து எழும் எண்ணெய் வாசம் மூச்சுக்குழாய்க்குக் கேடு.

ஈரத்தைக் காக்கும் முறையில் சிறிது கவனம் வேண்டும். மேலிருந்து தண்ணீர் தெளித்தால் மேற்பரப்பு மட்டும் நனைந்து, விளக்கின் சூட்டில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். அடிமண் வறண்டே இருக்கும். மாறாக, பெட்டியின் நான்கு மூலைகளிலும் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினால் அது அடியில் பரவி, கீழடுக்கு ஈரமாகவும் மேலடுக்கு ஓரளவு உலர்ந்தும் நிற்கும். கையில் ஒரு பிடி அடிமண்ணை எடுத்து அழுத்தும்போது அது உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. மேற்பரப்பே சதசதவென்று இருந்து அறையும் குளிர்ந்திருந்தால் கீழோட்டில் அழுகலும் மூச்சுத்திணறலும் வரும். ஈரம் என்பது எப்போதும் வெப்பத்தோடு சேர்ந்தே இருக்க வேண்டும்.

விளக்குகள்

இருப்பிடத்தில் இரண்டு வகை ஒளி தேவைப்படுகிறது. ஒன்று சூடு தருவது, மற்றொன்று புற ஊதா பி கதிர் தருவது. இவற்றில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

சூட்டுக்கு, ஒளி அகலமாகப் பரவும் ஃபிளட் வகை பல்பைப் பெட்டியின் ஒரு முனையில் தொங்கவிட வேண்டும். ஒளியைக் கூராகக் குவிக்கும் பல்பு, குஞ்சின் முதுகில் ஒரே புள்ளியைச் சுட்டு ஓட்டை உலர்த்திவிடும். பல்பின் நேர் கீழே, ஆமையின் முதுகு இருக்கும் உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸும், எதிர்முனையில் 20 முதல் 24 டிகிரியும் இருக்க வேண்டும். இதை ஊகத்தால் அறிய முடியாது. கம்பியில் உணரி கொண்ட வெப்பமானி இரண்டை வாங்கி இரு முனைகளிலும் வைக்க வேண்டும். பல்பைச் சங்கிலியில் தொங்கவிட்டால் உயரத்தைக் கூட்டிக் குறைத்துச் சூட்டைச் சரிப்படுத்தலாம். கவ்வியை மட்டும் நம்பிப் பொருத்தப்பட்ட பல்பு, கழன்று மண்ணில் விழுந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. பெட்டியின் அடியில் வைக்கும் சூட்டு விரிப்பை வாங்க வேண்டாம்: வெயில் கடுமையானால் மண்ணுக்குள் புதைந்து தப்பிப்பதே ஆமையின் இயல்பு என்பதால், அடியிலிருந்து வரும் சூட்டிலிருந்து எப்படித் தப்புவது என்று அதற்குத் தெரியாது.

புற ஊதா பி கதிர் இல்லாமல் ஆமையின் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. அது இல்லாவிட்டால் உணவில் எவ்வளவு சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் உடல் அதை ஏற்காது, ஓடு மிருதுவாகிக் கால்கள் வளையும். சன்னலோர வெயில் இதற்கு உதவாது, ஏனெனில் சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடுகிறது. சுருள் வடிவச் சிறு பல்புகளைவிட டி5 வகைக் குழல் விளக்கே சிறந்தது; புற ஊதா பி பத்து அல்லது பன்னிரண்டு சதவீதம் என்று குறித்த குழலைப் பெட்டியின் நீளத்தில் பாதியளவு பரவும்படி, சூட்டு பல்புள்ள அதே முனையில் பொருத்த வேண்டும். எவ்வளவு உயரத்தில் என்பதைக் குழலைத் தயாரித்தவர் தரும் அட்டவணைப்படி முடிவுசெய்யலாம். குழலுக்கும் ஆமைக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. வெளிச்சம் குறையாமல் தெரிந்தாலும் கதிர் மங்கிக்கொண்டே வரும் என்பதால், டி5 குழலைச் சுமார் ஓராண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

இரண்டு விளக்குகளும் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியும்படி டைமரில் இணைத்துவிடலாம். இரவில் முழு இருட்டு வேண்டும். சிவப்பு பல்பும் கூடாது. வீட்டின் வெப்பம் இரவில் 15 டிகிரிக்குக் கீழே போகாதவரை கூடுதல் சூடு தேவையில்லை. போகும் என்றால், ஒளி தராத பீங்கான் சூடேற்றியைத் தெர்மோஸ்டாட்டோடு இணைக்க வேண்டும்.

உள்ளே வைக்க வேண்டியவை

குஞ்சுக்கு மறைவிடம் மிகவும் முக்கியம். பாதியாக வெட்டிய மண்தொட்டி ஒன்றைக் குளிர்ந்த முனையில் கவிழ்த்து, அதன் கீழுள்ள மண்ணை மற்ற இடங்களைவிடச் சற்று அதிக ஈரமாக வைத்தால், குஞ்சு பெரும்பாலும் அதற்குள் புதைந்தே உறங்கும். நடுப்பகுதியில் ஒரு புல் திட்டையோ தொட்டியில்லாமல் நட்ட சிலந்திச் செடியையோ வைத்தால் நிழலும் கிடைக்கும்.

தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பூந்தொட்டியின் அடியில் வைக்கும் சுட்ட மண் தட்டைவிடப் பொருத்தமானது வேறொன்றில்லை. அதன் விளிம்பு மண் மட்டத்தோடு சமமாக இருக்கும்படி புதைத்து, குஞ்சின் தாடை நனையும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, தினமும் மாற்ற வேண்டும். உணவைப் பரப்ப ஒரு தட்டையான கடப்பாக்கல்லோ ஸ்லேட் கல்லோ போதும். அதில் உரசுவதால் அலகும் நகமும் தேயும். செங்குத்தான கற்களையும் அடுக்கி வைத்த பொருள்களையும் தவிர்க்க வேண்டும். அவற்றில் ஏறி மல்லாந்து விழும் குஞ்சு, சூட்டு விளக்கின் கீழே நிமிர முடியாமல் கிடந்தால் சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும். குறிப்பாக அந்த முனையைச் சமதளமாக வைத்திருக்க வேண்டும்.

இன்னொரு குஞ்சைத் துணைக்கு விட வேண்டுமா என்று பலர் கேட்பதுண்டு. வேண்டாம். ஆமைகள் தனித்து வாழ்பவை. இரண்டை ஒரே பெட்டியில் விட்டால் வலியது மற்றதை உணவிலிருந்தும் வெயிலிலிருந்தும் ஒதுக்கிவிடும், சண்டை நம் கண்ணுக்குத் தெரியாமலேயே மெலிந்தது நோயுறும்.

குஞ்சு வருவதற்கு முன்னும் பின்னும்

விளக்குகளைப் பொருத்தி, மண்ணை நனைத்து, ஒரு வாரமாவது பெட்டியைக் காலியாக ஓடவிட்டு, காலை, நண்பகல், இரவு என வெப்ப அளவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். குஞ்சு வந்த பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று விடுவது, அந்தச் சரிசெய்தலின் சுமையை அதன்மேல் ஏற்றுவதாகும்.

வந்த முதல் சில நாட்களில் அது மண்ணுக்குள்ளேயே கிடக்கும்; அதைத் தோண்டித் தோண்டி எடுத்துப் பார்க்கக் கூடாது. ஆனால் தினமும் காலையில் ஒருமுறை, கீழோடும் மேலோடும் சேரும் இடம் வரை மட்டும் எட்டும் வெதுவெதுப்பான நீரில் பத்து அல்லது பதினைந்து நிமிடம் உட்காரவைக்க வேண்டும். அப்போது அது நீர் அருந்தும், கழிவை வெளியேற்றும். பிறகு துடைத்து, விளக்கின் அருகே விட்டால் உணவைத் தேடிப் போகும்.

உணவாக டேன்டிலையன், குளோவர், சிக்கரி போன்ற களைகளின் இலைகளும், செம்பருத்தியின் இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடலும் ஏற்றவை. பழம், சோறு, பால், ரொட்டி எதுவும் கூடாது. பசலை, பாலக் போன்ற கீரைகளில் உள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடுவதால் அவற்றையும் தவிர்ப்பது நல்லது. கணவாய் ஓடு ஒன்றைப் பெட்டியிலேயே போட்டுவைத்தால் தேவைப்படும்போது அது கடித்துக்கொள்ளும்.

ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடைபோட்டுக் குறித்துவர வேண்டும். அந்தத் தராசைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது. எடை மெல்ல ஏறிக்கொண்டிருக்க வேண்டும். சில வாரங்கள் நின்றாலோ குறைந்தாலோ, மூக்கில் நீர் வடிந்தாலோ, கண் வீங்கினாலோ, ஊர்வன மருத்துவத்தில் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஆமைகள் தாம் நோயுறாமலேயே சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடியவை. ஓடு நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடைசெய்ததற்கும், குழந்தைகளுக்கு அவற்றிலிருந்து இக்கிருமி பரவியதே காரணம். ஆமையையோ அதன் நீரையோ தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்பால் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்வதே நல்லது.

கோடையில் வெயில் நன்றாக அடிக்கும் நாட்களில், பாதி நிழலுள்ள, மேலே வலையிட்ட சட்டத்துக்குள் புல்தரையில் சிறிது நேரம் விடலாம். நேர் வெயிலுக்கு எந்தக் குழல் விளக்கும் ஈடாகாது. மேக்பைகளும் காகங்களும் குஞ்சைத் தூக்கிச் செல்லும் என்பதால், வலை இல்லாமல் ஒரு நிமிடமும் விடக் கூடாது. ஓடு பத்து சென்டிமீட்டரை எட்டும்போது வீட்டுப் பெட்டி அதற்குப் போதாது. அதற்குள் தோட்டத்தில், இரவில் அடையக்கூடிய மூடிய கூண்டோடு சேர்ந்த நிலையான அடைப்பு ஒன்றைத் திட்டமிட்டுத் தொடங்கிவிட வேண்டும்.