ராமநகரத்திலிருந்து ரைலேக்கு: சுண்ணாம்புப் பாறையில் முதன்முறை ஏறுவோருக்கான செய்முறை விளக்கம்

பெங்களூருவில் இருந்துகொண்டு வார இறுதிகளில் ராமநகரத்துப் பாறைகளில் ஏறிப் பழகியவர்களுக்கு, தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் உள்ள ரைலே நல்ல முதல் வெளிநாட்டுத் தளம். ஆனால் அங்கே இருப்பது சுண்ணாம்புப் பாறை. அதற்கென்று தனியாகத் தயாராகாமல் போகிறவர்கள் முதல் நாளிலேயே முன்கை இறுகி உட்கார்ந்துவிடுகிறார்கள்.

முதலில் கல்லைப் புரிந்துகொள்ளுங்கள். ராமநகரத்துக் கருங்கல்லில் துருத்தி நிற்கும் படிகங்களின் சொரசொரப்பில் காலணியின் ரப்பரை அழுத்தி, பெரும்பாலும் கால்களை நம்பியே நிற்கிறோம். சுண்ணாம்புப் பாறையோ நீரில் கரைவது. கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்ட மழைநீர் மெல்லிய அமிலமாகிக் கால்சியம் கார்பனேட்டைக் கரைப்பதால் குழிகளும் பொந்துகளும் உண்டாகின்றன. கரைந்த சுண்ணாம்பு மறுபடியும் படியும் இடங்களில் கல்விழுதுகள் தொங்குகின்றன. ஆகவே பிடிப்பதற்கு நிறைய இருக்கும். ஆனால் பல இடங்களில் சுவர் நம்மை நோக்கிக் கவிழ்ந்திருப்பதால் உடலின் எடை கைகளுக்கு வந்துவிடும். பலரும் ஏறித் தேய்ந்த தடங்களில் கல் வழவழப்பாகிக் கால் வழுக்கும் என்பதையும் எதிர்பாருங்கள்.

அடுத்தது பயிற்சி; இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். கண்டீரவா விளையாட்டரங்கின் செயற்கைச் சுவரிலோ நகரின் உள்ளரங்கக் கூடங்களிலோ, கவிழ்ந்த பகுதியைத் தேடிப் போய் ஏறுங்கள். கையை மடக்கித் தொங்காமல் நீட்டியே வைத்து, ஒரு பக்க இடுப்பைச் சுவரோடு ஒட்டித் திருப்பி, காலால் உந்தி அடுத்த பிடியை எட்டுவதுதான் அடிப்படை. பெரிய பிடி கிடைத்ததும் ஒரு கையை விட்டு, கீழே தொங்கவிட்டு உதறி இரத்தம் ஓடவிடுங்கள். பிறகு கை மாற்றுங்கள். வலுவை விட இந்த ஓய்வெடுக்கும் பழக்கமே நீண்ட தடங்களில் உங்களை மேலே கொண்டுசேர்க்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

கயிற்று வேலையை இங்கேயே, பயிற்றுநரின் கண்முன் கற்றுத் தேறுங்கள். எட்டு வடிவ முடிச்சைப் போட்டு முடித்ததும், ஏறுபவரும் கயிறு பிடிப்பவரும் ஒருவர் மற்றவருடைய முடிச்சையும், இடுப்பில் கட்டும் ஹார்னஸ் வாரையும், கயிற்றை மாட்டும் உலோகக் கொக்கியான காராபினரின் பூட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும். இது ஒவ்வொரு முறையும், எவ்வளவு பழகியவராக இருந்தாலும் செய்ய வேண்டியது. கயிற்றின் நீளம் தடத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது: 30 மீட்டர் தடத்துக்கு 60 மீட்டர் என்பது விளிம்புக் கணக்கு, 70 மீட்டர் நிம்மதி. எந்தக் கயிறானாலும் மறுமுனையில் ஒரு முடிச்சு கட்டாயம். இறக்கும்போது முனை நழுவி ஓடிவிடுவதால் நேரும் விபத்துகளை அது தடுக்கிறது. குரல் கட்டளைகளையும் முன்பே பேசி வையுங்கள். அலைச் சத்தத்தில் “இறுக்கு”, “இறக்கு” இரண்டும் ஒன்றாகவே கேட்கும் என்பதால், ‘டேக்’, ‘லோவர்’ என்றே சொல்லிக்கொள்வது பாதுகாப்பு. கயிறு பிடிப்பவர் காதில் இயர்போன் இருக்கவே கூடாது.

கயிற்றை மாட்டப் பாறையில் பதிக்கும் உலோக ஆணியான போல்ட் விஷயத்தில் ரைலேக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் கூட உள்ளுக்குள் அரிக்கப்பட்டு, வெளியே நன்றாகத் தெரியும்போதே முறிந்திருக்கின்றன. அதனால் பல தடங்களில் டைட்டானியம் போல்ட்டுகளைப் பசையிட்டுப் பதித்திருக்கிறார்கள். எந்தத் தடம் அப்படிப் புதுப்பிக்கப்பட்டது என்பதை உள்ளூர் வழிகாட்டிகளிடம் விசாரித்த பிறகே ஏறுங்கள். தேய்ந்த பழைய கயிற்று வளையத்தை மட்டும் நம்பித் தொங்காதீர்கள்.

பயணத்துக்கு நவம்பர் முதல் மார்ச் வரையான மழையற்ற மாதங்கள் ஏற்றவை. செங்குத்துப் பாறைகள் சூழ்ந்திருப்பதால் ரைலேக்குச் சாலை கிடையாது. பக்கத்துக் கடற்கரை ஊரான ஆவ் நாங்கிலிருந்து நீள்வால் படகில் போக வேண்டும். தடங்களின் கடினத்தைக் குறிக்க அங்கே பிரெஞ்சு தரவரிசை வழங்குகிறது; எண் கூடக் கூடக் கடினமும் கூடும். கிழக்கு ரைலேயின் ‘ஒன் டூ த்ரீ’ சுவரில் 5-ஆம் தரத் தடம் ஒன்றை, மேலிருந்து கயிறு போட்டு ஏறித் தொடங்குங்கள். அங்கு பிடிகள் பழகிய பிறகு 6ஏ தடங்களுக்குப் போகலாம். முன்னேறிச் சென்று தாமே கயிறு மாட்டி ஏற விரும்புவோர், உச்சியில் கயிற்றைத் தாங்கும் நங்கூரத்திலிருந்து குவிக்டிராக்களை (இரு காராபினர்களை நாடாவால் இணைத்த மாட்டிகளை) கழற்றி இறங்கும் முறையைப் பெங்களூருவிலேயே தரைமட்டத்தில் செய்து பழகியிருக்க வேண்டும். அது தெரியாதவர்கள் வழிகாட்டி போட்டுத் தரும் கயிற்றிலேயே ஏறுங்கள்.