உயர்தர சவுண்டு கார்டு வாங்குமுன் பார்க்க வேண்டியவை: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியினருக்கு

கணினியில் விளையாட்டும் இசையும் ஒருசேர நன்றாக ஒலிக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் பெரும்பாலும் சவுண்டு கார்டின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண்ணிலிருந்துதான் (பின்னணி இரைச்சலைவிட ஒலி எவ்வளவு மேலோங்கியிருக்கிறது என்பதன் அளவு) தேர்வைத் தொடங்குகிறார்கள். அந்த எண்ணைக் கடைசியாகப் பார்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. வீட்டு மின்சாரத்தின் எர்த், காதில் மாட்டும் ஹெட்போன், மதர்போர்டில் மிஞ்சியிருக்கும் இடம் ஆகியவை தெளிவான பிறகுதான் எந்தக் கார்டு என்று யோசிப்பதில் பொருள் உண்டு.

எர்த்தை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளை பிளக் பாயிண்ட் சுவரில் இருக்கும்; ஆனால் அதன் மேல்துளையில் எர்த் கம்பி இணைக்கப்பட்டிருக்காது. இணைக்கப்பட்டிருந்தாலும், கோடையில் மண் காய்ந்து எர்த் குழி வறண்டுவிட்டால் அது சரியாக வேலை செய்யாது. இந்நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த கார்டை மாட்டினாலும் ஸ்பீக்கரில் 'உம்' என்ற இரைச்சல் கேட்கக்கூடும். ஆகவே நல்ல எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்து எர்த்தைச் சோதித்துவிடுங்கள். குழியில் தண்ணீர் ஊற்றுவதே சில வீடுகளில் போதுமானதாக இருக்கும். கணினியையும் ஸ்பீக்கரையும் வெவ்வேறு பாயிண்டுகளில் செருகியிருந்தால், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மாற்றிப் பாருங்கள். இரு பாயிண்டுகளின் எர்த் வழியாக மின்சாரம் சுற்றி வருவதால் உண்டாகும் இரைச்சல் பல நேரங்களில் அதிலேயே தீர்ந்துவிடும். விலை குறைந்த யூபிஎஸ்களில் பல, மின்சாரம் போன பிறகு பேட்டரியிலிருந்து தருவது சீரான சைன் அலை அல்ல. கரண்ட் போகும்போது மட்டும் இரைச்சல் எழுகிறது என்றால் முதலில் யூபிஎஸ்ஸைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து, இப்போது மதர்போர்டிலேயே இருக்கும் ஒலிப்பகுதியைச் சோதியுங்கள். அறிவிப்பு ஒலிகளை நிறுத்திவிட்டு, பாட்டு எதையும் ஓடவிடாமல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒலியளவை மெல்ல ஏற்றுங்கள். மவுஸை நகர்த்தும்போதோ, ஒலியை அணைத்த கனமான விளையாட்டு ஒன்றின் முகப்புத் திரை திறந்திருக்கும்போதோ மெல்லிய 'கிர்' ஒலி கேட்டு, அது கணினியின் வேலைக்கு ஏற்ப ஏறி இறங்கினால், கணினிப் பெட்டிக்குள் இருக்கும் மின்காந்த இரைச்சல் ஒலிப்பாதையில் கலக்கிறது என்று பொருள். தனிக் கார்டு உண்மையாகவே தீர்த்துவைக்கும் குறை இதுதான். ஒன்றும் கேட்கவில்லை, ஹெட்போனும் போதிய சத்தத்தோடு ஒலிக்கிறது என்றால், அந்தப் பணத்தை நல்ல ஹெட்போனில் போடுவதே மேல்.

ஹெட்போனில் பார்க்க வேண்டியது ஓம் அளவு, அதாவது அதன் மின்தடை. விளையாட்டுக்கென்று விற்கும் ஹெட்செட்டுகள் பெரும்பாலும் 32 ஓம் அளவில் இருக்கும். அவற்றை எந்த மதர்போர்டும் ஒலிக்கச் செய்துவிடும். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ 250 ஓம், சென்ஹைசர் எச்டி 600 என்பது 300 ஓம். இவற்றுக்கு அதிக மின்னழுத்தம் தரும் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் குறைவதோடு தவிலின் அடியும் மிருதங்கத்தின் இடந்தலை முழக்கமும் வலுவிழந்து கேட்கும். கார்டின் ஹெட்போன் முனையிலுள்ள வெளியீட்டுத் தடை, ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருப்பது பொதுவான விதி. யூஎஸ்பி ஹெட்செட், வயர்லெஸ் ஹெட்செட் ஆகியவற்றில் ஒலியை மாற்றும் சிப் அவற்றுக்குள்ளேயே இருப்பதால், கணினியில் எந்தக் கார்டு இருந்தாலும் அது அவற்றுக்குப் பயன்படாது. இதை அறியாமல் கார்டு வாங்கினால் செலவு முழுவதும் வீண்.

இனி கார்டுக்கு வருவோம். கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் ஏஇ-7க்கு 127 டெசிபல், ஏஇ-9க்கு 129 டெசிபல், ஏசுஸ் எசென்ஸ் எஸ்டிஎக்ஸ் 2க்கு 124 டெசிபல் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். 16 பிட் சிடியின் எல்லையே ஏறத்தாழ 96 டெசிபல்தான் என்பதையும், மின்விசிறி ஓடும் அறையில் அமர்ந்து கேட்கிறோம் என்பதையும் நினைத்தால், 124க்கும் 129க்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணம் தருவதில் நியாயமில்லை. ஏஇ-9இன் விலைக்கு நியாயம் அதன் வசதிகளில் இருக்கிறது: மேசைமேல் வைக்கும் தனிப் பெட்டி, ஸ்டுடியோ மைக்குகளுக்கு 48 வோல்ட் தரும் எக்ஸ்எல்ஆர் இணைப்பு, 600 ஓம் வரையிலான ஹெட்போன்களை இயக்கும் திறன். பாடிப் பதிவு செய்பவருக்கு அது பொருந்தும். விளையாட்டில் குழுவினரோடு பேச மட்டும் மைக் வைத்திருப்பவருக்குத் தேவையில்லை. அந்தக் கார்டுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனியாக 6 முனை இணைப்பும் வேண்டும்.

வாங்குமுன் கணினிப் பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து பாருங்கள். இன்றைய கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டு, மூன்று ஸ்லாட் அகலத்தை அடைத்துக்கொள்வதால், அருகில் சவுண்டு கார்டை மாட்டுவதற்கான சிறிய பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் அடியில் மறைந்துபோவது வழக்கம். ஸ்லாட் இருந்தாலும், கிராபிக்ஸ் கார்டின் விசிறிக்கு மிக நெருக்கமாகச் சவுண்டு கார்டை மாட்டினால் காற்றோட்டம் தடைபடும். தருமபுரியின் ஏப்ரல், மே வெயிலில் இது சிறிய விஷயம் அல்ல. ஹெட்போனில் மட்டுமே கேட்பவருக்கு யூஎஸ்பி வழியாக வெளியே வைக்கும் டேக்-ஆம்ப்ளிஃபயர் பெட்டியையே (டேக் என்பது கணினியின் எண்களை ஒலி மின்னலையாக மாற்றும் பகுதி) நான் பரிந்துரைப்பேன்: கணினிப் பெட்டிக்குள் இருக்கும் இரைச்சலிலிருந்து தள்ளி நிற்கும், லேப்டாப்பிலும் வேலை செய்யும். 5.1 ஸ்பீக்கர்களைத் தனித்தனி வயரில் இணைப்பவருக்கு உள்ளே மாட்டும் கார்டுதான் வசதி.

விளையாட்டுக்குத் தனிக் கார்டு கட்டாயம் என்ற எண்ணம் பழைய காலத்தது. 2007இல் வெளிவந்த விண்டோஸ் விஸ்டா, விளையாட்டு ஒலியைக் கார்டின் சிப்பிலேயே கணக்கிடும் டைரக்ட்சவுண்டு முறையைக் கைவிட்டது. இன்று பெரும்பாலான விளையாட்டுகள் அந்தக் கணக்கைத் தாங்களே செய்துகொள்கின்றன. காலடி ஓசை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் எச்ஆர்டிஎஃப் அமைப்பு வாலரன்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றில் உள்ளேயே இருக்கிறது. அதை இயக்கினால் கார்டின் மென்பொருளில் உள்ள சரவுண்டை அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து இயங்கினால் திசை குழம்பிவிடும்.

இசைக்கு, கார்டின் ஈக்வலைசரையும் பாஸ் கூட்டும் வசதியையும் அணைத்துவிட்டு, பிளேயரில் வாசாபி எக்ஸ்குளூசிவ் (WASAPI Exclusive) முறையைத் தேர்ந்தெடுத்தால், ஒலி நேரே கார்டுக்குப் போகும்; விண்டோஸ் இடையில் புகுந்து அதன் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை மாதிரிகள் என்ற அளவை) மாற்றாது. சோதிப்பதற்கு நம் ஊர்த் தெருக்கூத்துப் பதிவு ஒன்று போதும். முகவீணையின் கூர்மையான மேல்சுரம் காதைக் குத்தாமலும், அதன் பின்னே ஆர்மோனியத்தின் சுருதி மங்காமலும் கேட்கிறதா என்று கவனியுங்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களுக்குப் கணினிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோடு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், இந்தியாவில் செல்லும் வாரண்டி உண்டா என்று கேட்டு, பில்லில் கார்டின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். கார்டை மாட்டியதும் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) மதர்போர்டின் ஒலியை அணைத்து, டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள், ஊரில் மின்னழுத்தம் குறையும் மாலை வேளையில், மோட்டார் ஓடும்போதும் நிற்கும்போதும் விளையாட்டையும் பாட்டையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு, இரைச்சலோ ஒலித் துண்டிப்போ வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.