ஒட்டின அன்று எல்லாமே ஒட்டும்: டென்டின் பாண்டிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் ஒருவர் காம்போசிட் (பல் நிற அடைப்பு) வைப்பதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பல்லோடு ஒட்டவைக்கும் பாண்டிங் திரவத்தைத் தடவினார், ஏரை ‘புஸ்’ என்று ஒரு தடவை காட்டினார், உடனே அதை இறுகவைக்கும் லைட். பதினைந்து வருடத்துக்கு முந்தைய என் கையைப் பார்த்த மாதிரியே இருந்தது. எச்சில் படக்கூடாது, லைட்டைத் தள்ளிப் பிடிக்கக்கூடாது என்பதெல்லாம் கல்லூரியிலேயே திட்டு வாங்கிக் கற்றிருப்பீர்கள். அதை விடுகிறேன்.

டென்டினையும் எனாமலாக நினைப்பது

எனாமல் பல்லின் மேலோடு, டென்டின் அதற்கடியில் இருப்பது. ஒட்டுவதற்கு முன் பல்லை அரிக்க வைக்கும் 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் டென்டினில் 15 விநாடி போதும். எனாமலில் முதலில் வையுங்கள், டென்டினுக்குக் கடைசியாக வாருங்கள். அதிக நேரம் விட்டால் ஆசிட் போன ஆழத்துக்குப் பாண்டிங்கில் உள்ள ரெசின் (பிசின்) போகாது. அடியில் டென்டினின் கொலாஜன் என்ற புரத நார் வெறுமனே கிடக்கும்.

கழுவியபின் எலும்பாகக் காய வைப்பது

நார் படுத்துவிடும், ரெசின் உள்ளே நுழையாது. பஞ்சால் ஒற்றி எடுங்கள், லேசான ஈரப் பளபளப்பு இருக்கட்டும்.

பாண்டிங்கை ஊதாமல் லைட் வைப்பது

இதுதான் இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது.

பெரம்பூரில் தொழில் தொடங்கிய புதிதில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். அழுத்தித் துலக்கித் துலக்கி மேல் கோரைப்பல்லின் கழுத்தில் பள்ளம். மோர் குடித்தாலே கூசுமாம். காம்போசிட் வைத்து அனுப்பினேன். பதினான்கு மாதம் கழித்து அதை டிஷ்யூவில் மடித்துக்கொண்டு வந்தார். “தோசைக்கல்லை விட்டு எழும்புற மாதிரி முழுசா வந்துடுச்சு சார்” என்றார். அதைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் வழவழவென்று மின்னியது. பல்லைப் பிடித்திருந்ததற்கு ஒரு சுவடு இல்லை. காசு வாங்காமல் மறுபடி வைத்தேன்; அதுவும் போயிற்று. மூன்றாம் முறை அவர் வரவில்லை, அவர் வீட்டில் வேறு யாரும் வரவில்லை.

ஆசிட்டையும் பாட்டிலையும் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தப்பு ஊதுவதில் இருந்தது. பாண்டிங்கில் ரெசினோடு அசிட்டோனோ எத்தனாலோ தண்ணீரோ கரைப்பானாக இருக்கும். ரெசினை டென்டினுக்குள் இறக்கிவிடுவது அதன் வேலை; வேலை முடிந்ததும் வெளியே போயாக வேண்டும். அசிட்டோன் சீக்கிரம் பறந்துவிடும், எத்தனால் கொஞ்சம் நேரம் எடுக்கும், தண்ணீர் லேசில் போகாது. அதை உள்ளே வைத்தே லைட் அடித்தால், 1982-இல் ஜப்பானிய ஆய்வாளர் நாகபயாஷி காட்டிய, ரெசினும் டென்டினும் பின்னிக் கலந்த அந்த ஹைபிரிட் லேயரில் நுண்ணிய நீர்வழிகள் தங்கிவிடும்.

அப்புறம் நடப்பதுதான் கொடுமை. டென்டினுக்குள் எம்.எம்.பி. என்ற என்சைம்கள் பல் உருவான காலத்திலிருந்தே தாதுவுக்கடியில் தூங்குகின்றன. ஆசிட் அவற்றை எழுப்பிவிடுகிறது. ரெசின் மூடாத கொலாஜனை அவை வெட்டுவதற்குத் தண்ணீர் தேவை. அதை நாமே உள்ளே விட்டு வைத்திருக்கிறோம். ரெசினும் அதே தண்ணீரில் மெல்லச் சிதைகிறது. முதல் நாள் எக்ஸ்ப்ளோரர் என்ற கூர்முனைக் கருவியால் எவ்வளவு கீறிப் பார்த்தாலும் இதில் எதுவும் தெரியாது.

சரி, என்ன செய்வது? மைக்ரோபிரஷால் தேய்த்துத் தடவுங்கள். முதலில் தள்ளி நின்று மெதுவாக ஊதுங்கள், பிறகு நெருங்கிக் கொஞ்சம் வேகமாக. திரவத்தில் அலை ஓடுவது நின்று, ஒரே சீரான பளபளப்பு வரும்வரை ஊத வேண்டும். குறைந்தது 10 விநாடி என்பது என் கணக்கு. தண்ணீர் கலந்த ஒற்றைப் பாட்டில் வகைக்கு இன்னும் கூட. ஒற்றைப் பாட்டில் படலம் லைட்டில் இறுகியபின்னும் அடியிலிருந்து ஈரத்தைக் கசியவிடும். மேலே தண்ணீரோடு சேராத ரெசின் ஒரு கோட் கொடுத்தால் நல்லது.

இதில் சென்னைக்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. நம் ஊர்க் காற்றின் ஈரம் கம்ப்ரஸர் டேங்கில் தண்ணீராகச் சேர்ந்து, நாம் ஊதும் த்ரீ-வே சிரிஞ்ச் வழியாகவே வெளியே வரும். காய வைப்பதாக நினைத்து நனைத்துக்கொண்டிருப்போம். வாய்க்கண்ணாடி மேல் ஊதிப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெறித்தால் அன்று பாண்டிங் வேண்டாம். டேங்கைத் தினமும் சாயங்காலம் திறந்து வடிய விடுங்கள். நவம்பர் மழையில் எங்கள் டேங்கிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் வந்திருக்கிறது, துருவின் நிறத்தில்.

பாண்டிங் துளியை முன்னாடியே விட்டு வைப்பது

காத்திருக்கும்போதே கரைப்பான் பறந்துவிடும். தடவும்போது விடுங்கள். பாட்டிலை உடனே மூடுங்கள்.

குளோர்ஹெக்சிடின் காப்பாற்றும் என்று நம்புவது

ஆசிட்டைக் கழுவியபின் இந்தக் கிருமிநாசினியின் 2 சதவீதக் கரைசலை ஒரு நிமிடம் வைத்து ஒற்றி எடுத்தால் எம்.எம்.பி.யின் வேகம் குறையும். நானும் வைக்கிறேன். ஆனால் அது நாளடைவில் கரைந்து போய்விடும். ஊதாமல் விட்டதற்கு அது ஈடாகாது.

ப்ளீச்சிங் முடிந்த கையோடு பாண்டிங்

இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். அடுத்த புதன் கல்யாணம் என்றாலும்.