ரூட் செய்த (முழு நிர்வாக உரிமை பெற்ற) ஆண்ட்ராய்ட் போனில் இடத்தை எது தின்கிறது?

டெர்மக்ஸைத் (கட்டளை அடிக்கும் ஆப்) திறந்து, ரூட் உரிமை கேட்கும் 'எஸ்யு' அடித்து, மேஜிஸ்க் (ரூட் அனுமதியைக் கையாளும் ஆப்) கேட்கும் அனுமதியைக் கொடுங்கள். அடுத்து, எங்கே எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப் -ஹெச்'. கட்டளைகள் எல்லாமே ஆங்கிலச் சின்ன எழுத்தில்.

சிஸ்டம், வெண்டர், ஏபெக்ஸ் வரிகளில் 100% என்று வந்தால் பதற வேண்டாம். அவை படிக்க மட்டுமேயான பார்ட்டிஷன்கள் (சேமிப்பகத்தின் தனித்தனிப் பகுதிகள்). அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, மிச்ச இடம் இருக்காது. பார்க்க வேண்டியது, உங்கள் ஆப்களும் ஃபைல்களும் இருக்கும் /டேட்டா வரியைத்தான். /ஸ்டோரேஜ்/எமுலேட்டட் வரியிலும் ஏறக்குறைய அதே எண்களே வரும். அது /டேட்டா/மீடியாவுக்கு இன்னொரு வாசல், அவ்வளவுதான், இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். 128 ஜிபி போனில் 119-க்குள்தான் காட்டும். பெட்டியில் அச்சிடுபவர்களுக்கு ஒரு கிலோபைட் 1000 பைட், டிஎஃப்-க்கு 1024!

எந்த ஃபோல்டர் பெரிது என்று அறிய:

'டியூ -எஸ்கே /டேட்டா/* | சார்ட் -என்'

சில நிமிடம் ஆகலாம். கிலோபைட் கணக்கில், பெரியது கடைசி வரியில் நிற்கும். கட்டளையில் /டேட்டா இருந்த இடத்தில் அந்த ஃபோல்டரின் பாதையைப் போட்டு மறுபடி ஓட்டினால் குற்றவாளி சிக்கிவிடும். பெரும்பாலும் மீடியாவுக்குள் மறந்துபோன வீடியோக்கள்.

அழித்தும் இடம் திரும்பவில்லையா? ஏதோ ஒரு ஆப் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கலாம். அப்படியென்றால் ரீஸ்டார்ட் செய்தால் விடுபடும். /டேட்டா/சிஸ்டம் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள், போன் லோகோவிலேயே நின்றுவிடலாம்.