மார்மன் பலதார மணம்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் தோன்றிய மதப் பிரிவினரான மார்மன்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே "எத்தனை மனைவிகள்?" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். முதல் தவறு அதுவே. அந்தச் சமூகம் பிளவுபட்டது வேறொரு கேள்வியில்: இப்படியொரு மணத்தை நடத்திவைக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

அதற்கு 1843 ஜூலை 12-க்குப் போக வேண்டும். இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகரில் மார்மன் இயக்கத்தை நிறுவிய ஜோசப் ஸ்மித் சொல்லச் சொல்ல, அவருடைய எழுத்தர் வில்லியம் கிளேட்டன் பலதார மணத்தை அனுமதிக்கும் ஒரு திருவெளிப்பாட்டை எழுதினார். முத்திரிக்கப்படாத, அதாவது நித்தியத்துக்கும் நிலைக்கும்படி சடங்கால் உறுதிசெய்யப்படாத, மணம் சாவோடு முடிந்துவிடும், முத்திரிக்கும் திறவுகோல் (அதிகாரம்) ஒரே நேரத்தில் பூமியில் ஒருவரிடம் மட்டுமே இருக்கும் என்கிறது அது. அண்ணன் ஹைரம் அதை ஜோசப்பின் மனைவி எம்மாவிடம் எடுத்துப்போய், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார் என்று கிளேட்டன் பதிவு செய்திருக்கிறார். மூலப் பிரதி பின்னர் அழிக்கப்பட்டது. மறுநாளே எடுத்த நகல் தப்பியது. 1852-இல் யூட்டாவில் பகிரங்கமாக வாசிக்கப்பட்டது அதுதான். ஆகவே இதை ஸ்மித்துக்குப் பின் தலைவரான பிரிகாம் யங் தொடங்கிவைத்த வழக்கம் என்று எழுதாதீர்கள்.

மார்மன்களின் வேதநூல்களில் ஒன்றான மார்மன் நூலே பலதார மணத்தைக் கட்டளையிடுகிறது என்பதும் தவறு. அதில் வரும் யாக்கோபு (பைபிளின் யாக்கோபு அல்ல) அதைக் கண்டிக்கிறார். கடவுள் கட்டளையிட்டால் மட்டும் விலக்கு. சரி, கட்டளை வந்ததா என்று யார் சொல்வது? தீர்க்கதரிசிதான். மறுபடியும் அதிகாரத்திடமே வந்து நிற்கிறோம்.

பெண்களை வாயில்லாப் பூச்சிகளாகக் காட்டுவது எனக்கு மிகவும் உறுத்தும் தவறு. 1870-இல் சால்ட் லேக் நகரில் ஆயிரக்கணக்கான பெண்கள் பலதார மணத்துக்கு ஆதரவாகக் கூடினார்கள். பிரிகாம் யங்கை விட்டு விலகிய அவருடைய மனைவியரில் ஒருவரான ஆன் எலைசா அதை எதிர்த்து ஊர் ஊராகப் பேசினார். இரு தரப்பின் குரலையும் கேட்டாக வேண்டும்.

1890-இல் எல்லாம் முடிந்தது என்று முற்றுப்புள்ளி வைப்பவர்கள்தான் அதிகம். அமெரிக்க அரசின் 1887-இன் எட்மண்ட்ஸ்-டக்கர் சட்டம் திருச்சபையின் சொத்துக்கே உலை வைத்த நிலையில், தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃப் பலதார மணத்தை நிறுத்தச் சொல்லும் அறிக்கையை அந்த ஆண்டு வெளியிட்டார். ஆனால் அதன் பிறகும் மெக்சிகோவிலும் பிற இடங்களிலும் ரகசியமாகப் புதிய மணங்கள் நடந்தன, அப்போஸ்தலர் எனப்படும் உயர் தலைவர்கள் சிலரின் துணையோடு. 1904-இல் இரண்டாவது அறிக்கை தேவைப்பட்டது. மூன்றாம் தலைவர் ஜான் டெய்லரின் மகனும் அப்போஸ்தலராக இருந்தவருமான ஜான் டபிள்யூ. டெய்லரே 1911-இல் திருச்சபையிலிருந்து நீக்கப்பட்டார்.

பலதார மணத்தைக் கைவிட மறுத்துப் பிரிந்த அடிப்படைவாதக் குழுக்கள் பிடித்துக்கொண்டது அவருடைய தந்தையின் பெயரை. 1886-இல் ஜான் டெய்லர் சிலரிடம் அந்த அதிகாரத்தை ரகசியமாக ஒப்படைத்தார், அது தலைமையகத்துக்குக் கட்டுப்பட்டதல்ல என்பது அவர்கள் வாதம். திருச்சபை அதை ஏற்பதில்லை. 2011-இல் ஆயுள் தண்டனை பெற்ற வாரன் ஜெஃப்ஸ் இப்படிப் பிரிந்த குழுவொன்றின் தலைவர்; சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட முதன்மைத் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்ல. அங்கே இன்று பலதார மணம் செய்தால் நீக்கம்தான்.

அதற்காக, கோட்பாட்டையே கைவிட்டுவிட்டார்கள் என்று எழுதுவதும் சரியல்ல. அந்த வெளிப்பாடு 132-ஆம் பகுதியாக இன்னும் அவர்களுடைய வேதநூலில் இருக்கிறது. மனைவியை இழந்தவர் மறுமணம் செய்தால், இரண்டாம் மனைவியும் ஆலயத்தில் அவரோடு நித்தியத்துக்கு முத்திரிக்கப்படலாம்.