குளிர் ஊரில் ஃபைட்டர் குஞ்சு எடுப்பது எப்படி?

ஃபைட்டர் மீன், அதாவது பெட்டா, தாய்லாந்துப் பக்கத்து வயல்களிலும் குட்டைகளிலும் பழகிய வெக்கைச் சாதி. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். கீழே கொழும்பில் வாளியில் விட்டாலே குஞ்செடுக்கிறார்கள் என்று கேட்டு நானும் இதே மலைநாட்டில், அட்டனில், அப்படியே செய்தேன். ஆண் மீன் ஒரு நுரைக்குமிழிகூட விடவில்லை.

ஆகவே முதல் வேலை சூடு. 20 லீட்டர் தொட்டி ஒன்றில் 5, 6 அங்குலத்துக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். ஹீட்டரைப் படுக்கவைத்து முழுதாக மூழ்கடியுங்கள். பாதி வெளியே நின்றால் கண்ணாடி வெடிக்கும். தெர்மாமீட்டர் 27, 28 காட்ட வேண்டும். அடியிலும் மூன்று பக்கமும் ரெஜிபோம் (தெர்மோகோல்) அட்டை. கரண்ட் போனால் கம்பளியைச் சுற்றி, சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றை மிதக்கவிடுங்கள். பீலித் தண்ணீர், அதாவது மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர், நல்லதுதான், ஆனால் மருந்தடித்த தேயிலை மலைக்குக் கீழே வரும் பீலி வேண்டாம். குழாய்த் தண்ணீரென்றால் ஒரு நாள் திறந்து வையுங்கள். கீழே போகிறவர்களிடம் சொல்லி, காய்ந்த கொட்டாம்பா (நாட்டு வாதுமை) இலை ஒன்றிரண்டு வாங்கிப் போடுங்கள்.

அடுத்து தீனி. ஆணையும் பெண்ணையும் தனித்தனியே பத்துப் பதினைந்து நாள் நன்றாகப் போட்டு வளர்க்க வேண்டும். கொசுப்புழு அருமையான தீனி. ஆனால் அதற்கென்று முற்றத்தில் வாளி வைத்துவிடாதீர்கள்: 2007ஆம் ஆண்டின் நுளம்பு (கொசு) பெருக்கத் தடுப்புச் சட்டப்படி அது குற்றம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. ஐயா வந்தால் வழக்குத்தான். உறையவைத்த இரத்தப்புழு போதும்.

பெண்ணின் வயிறு உருண்டு, அடியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் தயார். அடி வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைத் தொட்டியில் நிறுத்தி அதற்குள் அவளை விடுங்கள். மிதக்கவிட்ட பாதி ரெஜிபோம் கப்பின் கீழே ஆண் முட்டைகளுக்கான நுரைக்கூடு கட்டுவான். அவள் உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடுகள் விழுந்து தலையைத் தாழ்த்தினால் போத்தலைத் தூக்கிவிடலாம். செட்டை கொஞ்சம் கிழியும், பயப்படாதீர்கள். ஒளிய பாசி நிறைய இருக்கட்டும். முட்டையிட்டு முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுங்கள். கூட்டைக் காப்பது ஆணின் வேலை, அவளைக் கொன்றுபோடவும் தயங்க மாட்டான்.

ஒன்றிரண்டு நாளில் பொரிக்கும். குஞ்சுகள் வால் கீழே தொங்க நிற்கும். இன்னும் இரண்டு மூன்று நாளில் நேராக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுங்கள். மருந்தடிக்காத வீட்டுக் கோவா (முட்டைக்கோஸ்) இலையைத் தொட்டித் தண்ணீரில் ஊறவிட்டால் கண்ணுக்குத் தெரியாத உயிரிகள் பெருகும். முதல் தீனி அது. பிறகு மைக்ரோ வேர்ம் என்னும் நுண்புழு, ஆர்ட்டீமியா என்னும் சின்ன உப்புநீர் இறால்.

இந்த ஊரில் மூடியைத் திறந்து வைக்கவே கூடாது. நீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கும் உறுப்பு குஞ்சுகளுக்கு மூன்று நாலு வாரத்தில்தான் உருவாகும். அப்போது மேல் காற்றும் வெதுவெதுப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பனி இறங்கிய ஒரு காலை பாதி மூடியை விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போய்வந்தேன். மாலையில் எண்ண ஏழுதான் மிச்சம்.

இரண்டு மாதமானதும் முறைக்கும் ஆண்களை ஒவ்வொன்றாகப் போத்தலுக்கு மாற்றுங்கள். பெண்களைப் பிரிக்காதீர்கள்! ஒன்றாய்ப் பிறந்து வளர்ந்த அக்கா தங்கைகள்தான் அமைதியாக இருக்க வாய்ப்பு அதிகம். கடையில் வெவ்வேறு நாள் வாங்கிச் சேர்த்தால் சண்டை கூடும். ஐந்துக்குக் குறையாமல், 75 லீட்டருக்குக் குறையாத தொட்டியில், எல்லாரையும் ஒரே நேரத்தில் விடுங்கள். ஒருத்தி மற்றவளைப் பார்க்க முடியாதபடி செடியும் மரக்கட்டையும் அடர்த்தியாக வேண்டும். இரண்டு பேர் மட்டும் என்றால் பலமுள்ளவள் மற்றவளை ஓயவிடமாட்டாள்.

முதல் வாரம் காலை மாலை செட்டையைப் பாருங்கள். மூலையில் ஒதுங்கி, தீனிக்கு வராதவளை உடனே எடுக்க வேண்டும். அதற்கென ஒரு போத்தல் எப்போதும் தயாராக இருக்கட்டும். என்னிடம் ஆறு பேர் இருக்கிறார்கள். ஏழாவது ஒருத்தி யாரோடும் ஒத்துப்போகாமல் அடுப்படிப் பலகையில் தனியாகக் குடித்தனம் நடத்துகிறாள்.