பதினேழு மணி நேரம் நிற்காமல் பறக்கப் போகிறீர்களா?

என் உயரம் ஆறடி ஒரு அங்குலம். எகானமியில் சீட்டுக்குச் சீட்டு விடும் தூரம் 31 அல்லது 32 அங்குலம், அதில் சீட் முதுகின் கனமும் அடக்கம். இந்தக் கணக்கோடு வேலை விஷயமாக ஏழு முறை, அம்மாவோடு ஒரு முறை, பதினாறு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் போகும் விமானங்களில் போயிருக்கிறேன். முதல் இரண்டு பயணங்களுக்குக் கழுத்துத் தலையணை, கண்பட்டை, கால் வைக்கும் தொங்கல் என்று ஒரு பை நிறைய வாங்கினேன். பாதி இப்போது பரணில் கிடக்கிறது. சௌகரியத்தில் முக்கால்வாசி டிக்கெட் எடுக்கும் அன்றே முடிவாகிவிடுகிறது என்பது மூன்றாவது பயணத்தில்தான் உறைத்தது.

அதனால் டிக்கெட் எடுக்கும்போது விலையைப் பார்த்த கையோடு விமானத்தின் மாடலையும் பாருங்கள். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 இரண்டிலும் கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 அடி உயரத்தில் இருப்பது போல வைக்கப்படுகிறது. பழைய விமானங்களில் அது 8,000 அடி வரை போகும். நான்கு மணி நேரப் பயணத்தில் இது தெரியாது. பதினேழு மணி நேரம் கழித்து இறங்கும்போது தலைக்குத் தெரியும். அப்புறம் சீட்டின் அகலம். இரண்டிலும் எகானமியில் வழக்கமாக வரிசைக்கு ஒன்பது பேர்தான். ஆனால் 787இல் சுமார் 17 அங்குலம், ஏ350இல் சுமார் 18. ஓர் அங்குலம்தானே என்று நானும் நினைத்தவன்தான். பக்கத்தில் தோள் அகன்ற ஒருவர் உட்கார்ந்து, அவரும் தூங்கிவிட்டால், அந்த ஓர் அங்குலத்தின் அருமை புரியும்.

சிங்கப்பூர் – நியூயார்க் விமானம் போகும் தூரம் 15,300 கிலோமீட்டருக்கு மேல், நேரம் பதினெட்டரை மணிக்கும் அதிகம். அதற்கென்றே செய்த ஏ350 ரகத்தில் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். கடைசி மணி நேரத்துக்கான எரிபொருளை முதல் மணி நேரத்திலிருந்தே சுமக்க வேண்டும், அப்படிச் சுமக்கவும் எரிபொருள் வேண்டும். ஆகவே ஆட்களைக் குறைத்து 161 சீட்டுகள் மட்டுமே வைத்தார்கள். 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி, சாதாரண எகானமி கிடையாது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து லண்டன் போகும் தடத்தில் 2018 மார்ச் முதல் பறக்கும் 787இல் எகானமி உண்டு. அதுவும் சுமார் பதினேழு மணி நேரம். என் சொந்தக் கணக்கு இது: பதினான்கு மணி நேரம் வரை எகானமியில் சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் ஒன்று பிரீமியம் எகானமி, இல்லையென்றால் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறும் டிக்கெட். முதுகு வலி உள்ளவர்கள் இரண்டாவதை யோசிக்காமல் எடுக்கலாம்.

சீட் தேர்வுக்கு வருகிறேன். 3-3-3 அமைப்பில் எல்லோரும் ஓரத்து மூன்றில் நடைவழி சீட்டைக் கேட்பார்கள். எனக்கு நடு மூன்றின் நடைவழி சீட்தான் பிடிக்கும். ஓரத்தில் உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் இரண்டு பேருக்கும் நீங்கள்தான் வாசல். நடுவில் என்றால் உங்களைத் தாண்டிப் போகக்கூடியவர் ஒருவர்தான், அவருக்கும் மறுபக்கம் ஒரு வழி உண்டு. தூக்கத்தில் தோளைத் தட்டி எழுப்பப்படுவது பாதியாகக் குறையும். முதல் வரிசையில் கால் நீட்ட இடம் இருக்கிறதே என்று பாய்ந்துவிடாதீர்கள். அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் இருப்பதால் கைப்பிடியை மேலே தூக்க முடியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் பையைக் காலடியில் வைக்கவும் விடமாட்டார்கள்.

சீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதையும் விசாரியுங்கள். ஒரு பயணத்தில் கூடுதல் பணம் கட்டி எடுத்த சீட்டின் கீழே, திரைக்கான மின்பெட்டி ஒன்று திருகி வைத்திருந்தது. செங்கல் இரண்டு அடுக்கினால் வரும் அளவு. இடது காலுக்கு இடமே இல்லை. மூன்றாவது மணி நேரத்திலிருந்து உடம்பைக் கோணலாக வைத்துக்கொண்டே வந்தேன், இறங்கிய பிறகு இரண்டு நாள் இடுப்பு கோணலாகவே இருந்தது. கம்பெனியிடம் எழுதிக் கேட்டதற்கு, வருந்துகிறோம் என்று ஒரு வரி வந்தது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு முன்பதிவை மறுபடி திறந்து பார்ப்பது அதிலிருந்து வந்த பழக்கம். விமானத்தை மாற்றிவிட்டால் நாம் தேர்ந்தெடுத்த சீட்டும் சத்தமில்லாமல் மாறிவிடும்.

தூக்கத்துக்கு ஒரு திட்டம் வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் கைக்கடிகாரத்தைப் போகும் ஊரின் நேரத்துக்கு மாற்றிவிடுங்கள். காலையில் இறங்குவதாக இருந்தால் பயணத்தின் பின்பாதியில் தூங்க வேண்டும். இரவில் இறங்குவதாக இருந்தால் முன்பாதியில் தூங்கிவிட்டு, கடைசி ஏழெட்டு மணி நேரம் விழித்திருக்க வேண்டும். தூங்கப் போகும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே காபியை நிறுத்திவிடுங்கள். 2019இல் குவான்டாஸ் நிறுவனம் நியூயார்க்கிலிருந்து சிட்னிக்குச் சோதனையாக ஒரு விமானத்தை விட்டது, பத்தொன்பது மணி நேரத்துக்கும் சற்று மேல். அதிலும் இதைத்தான் செய்தார்கள். சாப்பாடும் விளக்கும் சிட்னி நேரப்படி. சாதாரண விமானத்தில் ஊழியர்கள் நமக்காக விளக்கை மாற்றமாட்டார்கள். கண்பட்டையையும் வாசிக்கும் விளக்கையும் வைத்து நாமேதான் செய்துகொள்ள வேண்டும். பரணுக்குப் போகாத பாதியில் கண்பட்டை உண்டு, சத்தம் குறைக்கும் ஹெட்போனும் உண்டு.

நியூயார்க்கிலிருந்து செவ்வாய் இரவு பத்தரைக்கு ஏறினால் சிங்கப்பூரில் வியாழன் விடியற்காலையில் இறங்குவீர்கள். புதன்கிழமை என்று ஒன்று ஏறக்குறைய வராமலே போய்விடும். தினமும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இதில்தான் குழப்பம். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரைக்கு மருத்துவரைக் கேட்டு, புறப்படும் ஊரின் நேரப்படி மணிக்கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மாத்திரை அட்டையோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். மருந்து எப்போதும் கைப்பையில்தான், பெட்டியில் போடவே கூடாது. பவர் பேங்கும் கைப்பையில்தான். பல விமானங்களில் அதை உள்ளே பயன்படுத்த இப்போது அனுமதிப்பதில்லை, ஆகவே சீட்டில் இருக்கும் பிளக்கை நம்பி நீளமான ஒயர் கொண்டுபோங்கள்.

கால் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பின் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. அப்போதும் சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான், பயப்பட வேண்டாம். ஆனால் சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள், முன்பே உறைவு வந்தவர்கள் மருத்துவரைக் கேட்டு அழுத்தக் காலுறை போட்டுக்கொள்வது நல்லது. மற்றவர்களுக்கு நடைதான் மருந்து. விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை எழுந்து பின்கோடி வரை போங்கள். காலி பாட்டிலைக் கையில் எடுத்துப் போனால் ஊழியர்கள் தண்ணீர் பிடித்துத் தருவார்கள், நடந்ததற்கும் ஒரு காரணம் கிடைக்கும். கேபினில் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் குடியுங்கள். சோடா வகை மட்டும் வேண்டாம். உயரத்தில் வயிற்றிலுள்ள வாயு விரியும், பேண்ட் பட்டன் சாட்சி சொல்லும்.

கழிப்பறைக்குக் கூட்டம் சாப்பாட்டுத் தட்டு எடுத்ததும்தான். சாப்பாட்டு வண்டி தெரிவதற்கு முன்பே போய் வந்துவிடுங்கள். வெறும் காலுறையோடு போகாதீர்கள். அங்கே தரையில் இருக்கும் ஈரம் எல்லாம் தண்ணீர் என்று நினைக்க நான் தயாரில்லை.

அம்மாவுக்கு எழுபத்தொன்று. போகும்போது நிற்காத விமானம். விளக்கை அணைத்துப் பல மணி நேரம் கழித்து, ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏம்பா, இன்னுமா விடியல?" வரும்போது நடுவில் ஓர் இடத்தில் இறங்கி ஏறினோம். காலாற நடந்தாள், சூடாகச் சாப்பிட்டாள், ஆனால் அடுத்த வாயில் எங்கே என்று நான் ஓடியதில் பதறிப்போனாள். எது மேல் என்று பிறகு கேட்டேன். "உன்ன கூட்டத்துல தேடறதுக்கு அந்தப் பெரிய ராத்திரியே தேவலாம்" என்றாள். எனக்கு அதில் இன்றும் உடன்பாடு இல்லை.

ஒன்று மட்டும் அவளிடம் கற்றுக்கொண்டேன். நிற்காத விமானத்தில் இறங்கும் நேரத்தில் பாதம் வீங்கி அவளுடைய செருப்பு நுழையவில்லை. வாரைக் கடைசித் துளைக்குத் தளர்த்தியும் குதிகால் வெளியேதான் நின்றது. விமானத்தில் கொடுத்த மெல்லிய செருப்போடு பாஸ்போர்ட் வரிசையில் நின்றாள். இப்போதெல்லாம் நான் ஒரு சைஸ் பெரிய ஷூ போட்டுக்கொண்டு போகிறேன். தரையிறங்க ஒரு மணி நேரம் இருக்கும்போதே அதை மாட்டி, லேஸைத் தளர்வாகக் கட்டி வைத்துவிடுகிறேன்.